சயாம் விருந்தில் நான் உட்கார்ந்தது

என் அருமை அம்மாவுக்கு, உன் மகள் ரெஜினாவின் தோத்திரம்.

சாந்தோமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் அம்மா. நீ கடைசியாகப் படுத்திருந்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னல் வழியாக அதே உப்புக்காற்று வருகிறது, கூடவே குப்பத்துக் கருவாட்டு வாசனையும். இந்தக் கடிதத்தை நம் மாதா கோயில் பங்குப் பத்திரிகையில் போடுவதாகச் சாமியார் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் தெருவே படிக்கப் போகிறது. படிக்கட்டுமே. நம் வீட்டுப் பெருமை நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. அடுத்து கெய்ரோ. கொழும்பு ஆயிற்று, பாங்காக் ஆயிற்று, இப்போது எகிப்து தேசம். லீவு முடிந்ததும் கப்பல் ஏறுகிறோம். டில்லியிலிருந்து வந்த உத்தரவை அவர் என் கையில் கொடுத்தபோது எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீ இருந்திருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், "அங்க மீன் கிடைக்குமாடி?" என்று கேட்டிருப்பாய். கிடைக்குமாம், விசாரித்துவிட்டேன்.

அவர் பெண் கேட்டு வந்த நாளை மறந்திருக்க மாட்டாய். நம் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் எல்லாம் கப்பலில் சமைக்கப் போனவர்கள், இல்லாவிட்டால் மலாய்த் தோட்டத்தில் கணக்கெழுதப் போனவர்கள். போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. நம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த மனிதர், கொழும்பில் இந்திய ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா வேலை என்று உத்தரவை வைத்துக்கொண்டு வந்து நின்றால் உனக்குப் பயமாக இருக்காதா? ஆனாலும் சரி என்றாய். அடுப்படியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆளு பொறுமையா இருக்காரு. உன் வாய்க்கு இவருதான் சரி" என்று சொன்னாய். என் வாயைப் பற்றி நீ சொன்னது பிற்பாடு சயாம் தேசத்துப் பாங்காக்கில் எப்படிப் பலித்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

கொழும்பில் அவருடைய வேலை உனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் கொண்டுவரும் குறைகளைக் கேட்டு இங்கிலீஷில் மனுவாக எழுத வேண்டும். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார். சுதந்திரம் வந்ததும் நம் நாட்டுக்கு உலகமெங்கும் தூதரகம் திறக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். இவரை டில்லிக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். "உங்களிடம் என்ன தனித்திறமை?" என்று கேட்டதற்கு, "எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை எனக்குக் காத்திருக்கத் தெரியும்" என்றாராம். அங்கே இருந்தவர்கள் சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்துவிட்டார்கள். அந்த நாளைப் பார்க்க நீ இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே போய்விட்டாய்.

பாங்காக்கில் அவருக்கு வர்த்தகச் செயலாளர் என்று பெயர். பெயர்தான் பெரிது. வேலை ஒன்றே ஒன்று, அரிசி. இங்கே ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமையையும் சோளத்தையும் அளந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். சயாமில் அரிசி குவிந்து கிடந்தது. அதை வாங்கிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அது அரசாங்க உத்தரவு. எனக்கு அப்படி இல்லை அம்மா. உன்னைக் கொண்டுபோனதே அந்த அரிசிப் பஞ்சம்தானே.

ஆனால் விஷயம் நகரவே இல்லை. நம் பக்கத்தில் புழுங்கல் அரிசி கேட்டார்கள். அவர்கள், பச்சரிசிதான் தருவோம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த நாட்டு அரிசி இலாகாவில் ஒரு பெரிய அதிகாரி இருந்தார். இங்கிலாந்தில் படித்தவர், மிக மரியாதையானவர். உன் மாப்பிள்ளை போகும்போதெல்லாம் தேநீர் கொடுப்பார், புன்னகை செய்வார், "பார்க்கலாம்" என்பார். இவரும் தன் பொறுமையெல்லாம் கூட்டி உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு வருவார். கப்பல்கள் வேறு நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் அந்த அதிகாரியும் அவர் மனைவியும் நம் வீட்டுக்கு விருந்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். இன்னும் சில தூதரகத்துத் தம்பதிகளையும் கூப்பிட்டோம். எங்கள் தூதுவர் இவரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். சாப்பாட்டு மேஜையில் அரிசிப் பேச்சே எடுக்கக் கூடாது, அது நாகரிகமில்லை, காப்பி குடித்த பிறகு மெதுவாக ஆரம்பிக்க வேண்டும் என்று.

எனக்கு ஒரு வாரம் பாடம் நடந்தது. வெறும் தட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தக் கையில் கத்தி, எந்தக் கையில் முள், யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று வாத்தியார் குரலிலேயே சொல்லிக்கொடுத்தார். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. அது சொல்லித்தர வேண்டிய விஷயம் என்று அவருக்கே தெரியாது.

சமையல்காரர் இருந்தும் அன்றைக்கு நானே சமைத்தேன். உன் கைப்பக்குவத்தில் காடி சேர்த்த விந்தாலுக் கறி, வஞ்சிர மீன் குழம்பு, மிளகுத் தண்ணி எல்லாம் செய்தேன். அங்கே மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்யும் தமிழர் ஒருவர் பினாங்கிலிருந்து தருவித்த புழுங்கல் அரிசியில் கொஞ்சம் கொடுத்திருந்தார். பொலபொலவென்று வடித்தேன். எல்லாரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருவராகப் பரிமாறிவிட்டு, சுவரோரம் அலமாரிப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

நீ எப்படி நிற்பாயோ அப்படி. ஒரு கையில் கரண்டி, கண் எல்லார் தட்டிலும்.

யாரும் சாப்பிடவில்லை அம்மா. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நானும் செய்தேன். சோறு பிடிக்கவில்லையோ என்று நினைத்து ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். தொடவில்லை. அந்த அதிகாரி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். அவர் "நன்றி" என்றார், கையை எடுக்கவில்லை. குழம்பு ஆறி மேலே எண்ணெய் கட்ட ஆரம்பித்தது. உன் மாப்பிள்ளை நெற்றியில் வேர்வை. விருந்தாளிகள் தொடாமல் தான் தொடக்கூடாது என்று அவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

மேஜையின் மறுகோடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது எனக்குப் போட்டது. வீட்டுக்காரி உட்கார்ந்து முதல் வாய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம் என்பது அவர்கள் முறை. வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரி உட்காரலாம் என்பது நம் முறை. அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள், நான் அவர்களுக்காகக் காத்திருக்கிறேன். இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? நான் நிற்பது உன் மாப்பிள்ளை கண்ணில் படவே இல்லை. பிறந்ததிலிருந்து அவர் பார்த்த பந்தியில் எல்லாம் பெண்கள் நின்றுகொண்டுதானே இருந்தார்கள். அவருக்கு அதில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

கடைசியில் அதிகாரியின் மனைவி, வயதான அம்மாள், இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க."

"நீங்க உட்காருங்க."

"எங்க வீட்டில வந்தவங்க சாப்பிட்ட பிறகுதான் நாங்க சாப்பிடுவோம்."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர்தான் அடுத்ததைக் கேட்டார். "அப்புறம் நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"மிஞ்சினதை."

"மிஞ்சலைன்னா?"

அந்த மனிதர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வாயாடிதான், ஆனால் அன்றைக்கு நான் சொன்னது வாயாடித்தனம் இல்லை. "என் அம்மா செத்துப்போனது அப்படித்தான்" என்று சொன்னேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மயிலாப்பூரில் ரேஷன் கடை வரிசையில் நீ கால் கடுக்க நின்றதைச் சொன்னேன். வாங்கிவந்த அரிசியை வடித்து அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். நான் கொழும்பில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. தாங்குவதற்கு உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை லூர்து அண்ணி எனக்கு எழுதினாள். பந்தி முடிகிறவரை நின்ற உனக்குச் சட்டியில் என்ன மிஞ்சியது என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லையே அம்மா.

உன் மாப்பிள்ளை அப்போதுதான் முதல் முறையாக என்னைப் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்தார். எழுந்து வந்தார், என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு ரெஜினா" என்று தமிழில் சொன்னார்.

உட்கார்ந்தேன். முள்ளையும் கத்தியையும் தொடவில்லை. கையாலேயே பிசைந்து ஒரு வாய் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் எல்லாரும் சாப்பிட்டார்கள். வந்தவர்களோடு நான் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. ஆறிப்போயிருந்தது. ஆனாலும் விந்தாலுவை அந்த அம்மாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள், அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அதிகாரி சோற்றை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். "இதுதான் நீங்க கேட்கிற அரிசியா? நாங்க தர்ற வெள்ளை அரிசியில என்ன குறை?" என்றார். நான் உன் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மேஜையில் அரிசிப் பேச்சு கூடாது என்பது தூதுவர் போட்ட கட்டளை. உன் மாப்பிள்ளை தலையை ஆட்டி, "சொல்லு" என்றார்.

குறை ஒன்றுமில்லை, உங்கள் அரிசி பூப்போல இருக்கிறது என்று ஆரம்பித்தேன். ஆனால் எங்கள் ஊரில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும், கட்டுமரத்தில் போகிறவனும், சித்தாள் வேலைக்குப் போகிறவளும் காலையில் அடுப்பு மூட்டுவதில்லை. விறகு விற்கிற விலையில் சாயங்காலம் ஒரு வேளைதான் வடிப்பார்கள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் உப்பும் வெங்காயமும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். புழுங்கல் அரிசிச் சோறு விடிகிறவரை தாங்கும். உங்கள் பச்சரிசி குழைந்து கூழாகிவிடும். பச்சரிசி கொடுத்தால் அவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போச்சு என்று சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "விலையைக் குறைக்கிறதுக்காகத்தான் மட்ட அரிசி கேட்கிறீங்கன்னு நாங்க நினைச்சோம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை ஏன் யாரும் என்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டார். நம் பக்கத்தில் எல்லாரும் காப்பி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் அந்த அதிகாரியே இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நெல்லைப் புழுக்கக் கொப்பரை வைத்திருக்கும் ஆலைகள் எவை என்று விசாரித்து வைத்திருந்தார். பேச்சு மளமளவென்று முடிந்தது. கப்பல் ஏற்றும் நாளில் நானும் துறைக்குப் போனேன். கப்பலுக்குள் மூட்டை மூட்டையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. டில்லியிலிருந்து உன் மாப்பிள்ளைக்குப் பாராட்டு வந்தது. அதில் என் பேர் இல்லை. "எழுதிக் கேட்கட்டுமா?" என்றார். "வேண்டாம், கெய்ரோ கொடுக்கிறார்களா என்று பாருங்கள்" என்றேன். கொடுத்துவிட்டார்களே.

ஊருக்கு வந்த மறுநாளே அண்ணியின் கார்டை வாங்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். நீ நின்ற அதே கடைதான். எனக்கு முன்னால் குப்பத்து அம்மாள் ஒருத்தி முந்தானையை விரித்து அரிசி வாங்கினாள். ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"சயாம் அரிசியாம்மே. நம்ம புழுங்கல் கணக்காவே கீது" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உனக்குத்தான் தெரியுமே என் வாய். "இது நாங்க அனுப்பிச்ச அரிசிம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா சொல்ற? நீ தலைல தூக்கினு வந்தியா?" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, "கல்லு கொஞ்சம் ஜாஸ்தி கீது, அடுத்த வாட்டி பாத்து அனுப்பு தாயி" என்றாள். சயாம் அதிகாரியைச் சமாளித்த நான், "சரிம்மா" என்று அவளிடம் தலையாட்டினேன். அரிசியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

நேற்று உனக்கு ஆண்டுப் பூசை. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். பூசை வைத்த சாமியாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். லூர்து அண்ணி காலையிலிருந்து அடுப்படியில்தான் இருந்தாள். அந்தச் சயாம் அரிசியைத்தான் வடித்திருந்தாள். இலை போட்டு எல்லாருக்கும் பரிமாறினாள். பரிமாறிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

அண்ணன் கையை இலையில் வைத்துவிட்டார். உன் மாப்பிள்ளை வைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ளே, சாப்பிடலையா?" என்றார் அண்ணன்.

"அக்கா உட்காரட்டும்."

"அவ எப்பவும் அப்புறந்தான் சாப்பிடுவா. நீங்க ஆரம்பிங்க."

"அக்கா உட்கார்ந்தாத்தான்."

அண்ணி பதறிப்போய்விட்டாள். "ஐயோ தம்பி, சாமியார் இருக்காரு, எல்லாரும் பசியோட இருக்கீங்க, நான் எங்க உட்கார்றது?" என்று கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அவர் அசையவில்லை. பொறுமைசாலி என்று நீ சொன்ன மனிதர் அம்மா. சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார். நானும் கையை மடியில் வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் வைத்துக்கொண்டன. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கையை எடுத்தார்.

சாமியார்தான் முடித்துவைத்தார். "லூர்து, உட்காரும்மா. விடிஞ்சதிலேர்ந்து நான் பச்சைத் தண்ணி குடிக்கலை. நீ உட்கார்ற வரைக்கும் இவரு விடமாட்டாரு போலிருக்கு."

நான் எழுந்து என் பக்கத்தில் ஓர் இலை போட்டேன். அண்ணி உட்கார்ந்தாள். அவளுக்கு முதல் கரண்டி சோற்றை உன் மாப்பிள்ளைதான் வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குச் சாப்பிடக் கை வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டே ஒரு வாய் எடுத்தாள். மென்று விழுங்கிவிட்டு, "குழம்புல உப்பு கம்மியாப் போச்சே, இத்தனை வருஷமா யாரும் சொல்லவே இல்லையே" என்றாள். குழம்பு அவளுக்கு மிஞ்சியதே கிடையாதாம், அவள் சமைத்ததைச் சூடாகச் சாப்பிடுவது அதுதான் முதல் தடவையாம். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வந்தது சிரிப்பினால் மட்டும் இல்லை.

உனக்கு இப்படி ஒரு நாள் நாங்கள் ஓர் இலை போட்டிருக்கலாம். ஒரே ஒரு நாள். ஏன் தோன்றவில்லை? அதைச் சொல்லித்தர நான் சயாம் வரைக்கும் போக வேண்டியிருந்ததா?

சரி, போகட்டும். அழுதுகொண்டே முடித்தால் உனக்குப் பிடிக்காது. கெய்ரோவில் பெரிய வீடு கொடுப்பார்களாம். மந்திரிகள் வருவார்கள், துரைமார்கள் வருவார்கள், யார் யாரோ வருவார்கள். யார் வந்தாலும் சரி, எந்த ஊராக இருந்தாலும் சரி, உன் மகள் வீட்டில் சமைத்தவள் உட்காராமல் ஒரு பருக்கையும் யார் வாய்க்குள்ளும் போகாது. அடுப்படியில் வேலை செய்கிறவளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது உன் பெயரால் நான் கொடுக்கும் வாக்கு அம்மா.

இப்படிக்கு,
பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் உன் மகள்,
ரெஜினா